சிஸ்டத்துல காட்டலியே சார்!

2024-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு மழை ராத்திரி. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு ஏ.டி.எம். உள்ளே நான். எனக்குப் பின்னால் நனைந்த குடையோடு ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால், அந்த ஏ.டி.எம்.மிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு நாய்.

கார்டைச் செருகி ஐயாயிரம் ரூபாய் கேட்டேன். உள்ளே மில்லில் நெல் குத்துகிற மாதிரி சத்தம் வந்தது. சத்தம் நின்றது. பணம் வரவேண்டிய வாய் மட்டும் திறக்கவில்லை. சட்டைப் பையில் செல்போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால், 'உங்கள் கணக்கிலிருந்து ரூ.5,000 எடுக்கப்பட்டது. நன்றி.'

நன்றி வேறு!

"பைசா வரல்லியா?" என்றார் குடைக்காரர்.

"வரல்ல. ஆனா போயிட்டு."

"நல்ல காலம், நான் கார்டு போடல்ல" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நாய்தான் கொஞ்ச நேரம் என்னை அனுதாபமாகப் பார்த்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என்னைவிடச் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"சிஸ்டத்துல 'சக்ஸஸ்'னு காட்டுது சார்."

"எனக்குப் பணம் வரல்லியே தம்பி."

"டிரான்ஸாக்ஷன் சக்ஸஸ் சார்."

"சக்ஸஸ்னா பணம் என் கையிலல்லா இருக்கணும்?"

அவர் மானிட்டரை லேசாக என் பக்கம் திருப்பினார். "நான் சொல்லல்ல சார். சிஸ்டம் சொல்லுது."

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நாஞ்சில் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பாதியிலேயே மூடிக்கொண்டேன். காரணம், இந்த வசனத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. அதுவும் என் சொந்தக் குரலில்!

கவுன்டருக்கு அந்தப் பக்கம்

நானும் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்கிறவன்தான். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். ரிட்டயர் ஆக இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது.

பேங்குக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், மேற்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அண்டியாபீஸில் வேலை. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பேர், முந்திரி ஆலைக்கு அண்டியாபீஸ் என்று பேர். அதுவும் ஆபீஸ்தான். ஆனால் அங்கே ஏ.சி. கிடையாது. தோட்டை உடைக்கும்போது ஓர் எண்ணெய் வரும். அது விரலில் பட்டால் தோலைத் தின்றுவிடும். வருஷக் கணக்காக உடைத்தவர்கள் விரல் நுனியைப் பார்த்தால், ரேகை இருந்த இடம் வழவழவென்று இருக்கும்.

அந்த அம்மாவுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒரு சின்ன உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை. மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறார்.

ரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. வேறு விரல். எடுக்கவில்லை. பத்து விரலும் ஆயிற்று. சரி, நம்பரை அடித்துப் பார்ப்போம் என்று அடித்தேன். 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் வந்தது.

"சிஸ்டத்துல காட்டலியேம்மா."

"சாரே, நான்தானே இஞ்ச நிக்கேன்?"

"நீங்க நிக்கது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியல்லியே."

பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். எனக்கே என் பதில் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒரு நாள் கூலியும் பஸ்ஸு காசும் போச்சு சாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதே 'சிஸ்டம்' எனக்கே திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. நான் பேங்கில் நிற்கிறேன். என் பணம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததற்கு அங்கே விலை இல்லை.

பழைய காரணவர், புதிய காரணவர்

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் மருமக்கள் வழி என்று ஒரு முறை இருந்தது. குடும்பச் சொத்து முழுக்க மூத்த தாய்மாமன் கையில். அவருக்குக் காரணவர் என்று பேர். விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, எங்கே போயிற்று, எல்லாக் கணக்கும் அவரிடம்தான். மருமகன் கணக்குக் கேட்டால் குற்றம், கேட்காவிட்டால் பட்டினி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கூத்தைக் கிண்டல் பண்ணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று ஒரு முழுக் காவியமே எழுதினார். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்குத் தனிச் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு வந்தது.

ஒரு காரணவர் போனார் என்று நிம்மதியாக இருந்தோம். இப்போது கண்ணாடி முகத்தோடு இன்னொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கணக்கு இவரிடம்தான். சாவியும் இவரிடம்தான். "ஏன் இப்படி?" என்று கேட்டால் பதில் கிடையாது. பழைய காரணவரையாவது சண்டை போட்டு, திண்ணையில் உட்காரவைத்து, நாலு பேர் முன்னால் கேட்கலாம். இவரைக் கேட்டால் 'பிறகு முயற்சிக்கவும்' என்பார்.

ஆனால் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்கிற நம்பிக்கை எல்லா நாளும் இருப்பதில்லை. நஷ்டம் யாருக்கு என்பதைப் பொறுத்து அது மாறும்.

2023 செப்டம்பரில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. அவர் கணக்கில் அதற்குமுன் இருந்தது 105 ரூபாய். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, சோதிப்பதற்காக நண்பர் ஒருவருக்கு 21,000 அனுப்பினார். போய்விட்டது! மீதிப் பணத்தை வங்கி உடனே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே யாரும், "சிஸ்டத்துல உங்க கணக்குன்னு காட்டுது, அதனால வச்சுக்கிடுங்க" என்று சொல்லவில்லை.

அதே வருஷம் நவம்பரில் யூகோ வங்கியில் இன்னொரு கூத்து. வேறு வங்கிகளிலிருந்து அனுப்பிய பணம் அங்கே போய்ச் சேராமலே, வாடிக்கையாளர் கணக்குகளில் வரவு ஆகிவிட்டது. மொத்தம் சுமார் 820 கோடி. தொழில்நுட்பக் கோளாறு என்று வங்கியே சொன்னது. சில நாட்களுக்குள் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தது.

நல்லதுதான். தப்பாக வந்த பணம் திரும்பிப் போகத்தான் வேண்டும். என் கேள்வி ஒன்றே ஒன்று. பேங்குக்கு நஷ்டம் வந்தால் 'கோளாறு'. எனக்கு நஷ்டம் வந்தால் 'சக்ஸஸ்'. இது எந்த ஊர் நியாயம்?

சீமையிலும் இதே கதை

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வதாகப் பேர் வாங்கிய பிரிட்டனில், இதனால் ஆட்கள் ஜெயிலுக்கே போனார்கள்.

அங்கே கிளைத் தபால் நிலையங்களைப் பெரும்பாலும் தனியார் நடத்துவார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. ஒரு பக்கம் மளிகை, ஒரு பக்கம் தபால் கவுன்டர். 1999-லிருந்து இவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. நடத்திக்கொடுத்தது ஃபுஜிட்சு கம்பெனி.

அது வந்ததும் பல கடைகளில் கணக்கு உதைத்தது. கல்லாவில் இருக்கிற பணத்தைவிட அதிகம் இருக்க வேண்டும் என்று ஹொரைசன் சொன்னது. குறையும் பணத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டினார்கள். சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். உதவி எண்ணுக்கு போன் செய்து, "மெஷின்ல ஏதோ தப்பு" என்று சொன்ன பலருக்கும் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்பது. அப்படிப் பதில் வாங்கியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான்.

1999-லிருந்து 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அதில் சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணும் ஒருவர். 74,000 பவுண்டு திருடியதாக 2010 நவம்பரில் பதினைந்து மாத ஜெயில் தண்டனை. அப்போது அவர் எட்டு வாரக் கர்ப்பிணி. தீர்ப்பு வந்த நாள் அவர் பையனுடைய பத்தாவது பிறந்த நாள்.

ஆலன் பேட்ஸ் என்ற ஒரு கிளைக்காரர் மட்டும் விடவில்லை. ஊர் ஊராக ஆள் சேர்த்து 555 பேராக வழக்குப் போட்டார். 2019 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பு சொன்னார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அந்தப் பிழைகளால் கணக்கில் பற்றாக்குறை தோன்ற முடியும். இன்னொன்றும் வெளியே வந்தது. கடைக்காரருக்குத் தெரியாமலே கம்பெனி ஆட்கள் தூரத்திலிருந்து கணக்குக்குள் நுழைந்து மாற்ற முடியும்! முடியவே முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2021 ஏப்ரலில் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனையை மேல் கோர்ட் ரத்து செய்தது. 2024 மே மாதம், மீதிப் பேரை விடுவிக்கப் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, இந்தத் தொல்லையால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றது.

அந்த 13 பேரைக் கொன்றது கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது தப்பாகக் கூட்டியது. அது தப்பாகக் கூட்டாது என்று சாதித்தவர்கள் மனிதர்கள். தப்பு என்று தெரிந்தபிறகும் கோர்ட்டில் வாய் திறக்காமல் இருந்தவர்களும் மனிதர்கள்.

இங்கே சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் 1984-ல் ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் காட்டுவதைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டுமானால், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். தொந்தரவாக இருக்கிறது என்று 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, மாற்றுச் சாட்சியம் இல்லாதவரை மெஷின் சரியாகத்தான் ஓடியது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர் எங்கே போய் மாற்றுச் சாட்சியம் தேடுவார்? மெஷினின் உள்விவரம் முழுக்க எதிராளி பீரோவில் அல்லவா இருக்கிறது!

'வாய்ப்பே இல்லை'

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து கிழக்கே கடற்கரையோரமாகப் போனால் கூடங்குளம். 2019 அக்டோபர் 28-ம் தேதி, அந்த அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாக செய்தி கசிந்தது. 29-ம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. கட்டுப்பாட்டு முறை வெளி உலகத்தோடு இணைக்கப்படவே இல்லை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை. 30-ம் தேதி அணுமின் கழகத்திடமிருந்து இன்னோர் அறிக்கை. வைரஸ் இருந்தது உண்மைதான். நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்து விசாரித்தாயிற்று. அணு உலையை ஓட்டும் கம்ப்யூட்டர்கள் தனி, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கவனியுங்கள், 29-ம் தேதி சொன்னதும் எழுத்துக்கு எழுத்து பொய் என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்வி ஒன்று, பதில் சொன்னது வேறொன்றுக்கு. ஆனால் அந்த ஒரு நாள் இடைவெளியில், இங்கே டீக்கடை டீக்கடையாக ஜனங்கள் பேசியது என்ன தெரியுமா? வைரஸைப் பற்றி அல்ல. "முதல்ல ஏன் இல்லன்னு சொன்னான்?" என்பதைப் பற்றித்தான். மெஷின் மேல் நம்பிக்கை என்பது மெஷினை வைத்திருப்பவர் வாய் மேல் வைக்கிற நம்பிக்கைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து கழற்றிப் போட்ட சட்டையை, ஏறக்குறைய அதே நேரத்தில் நாம் எடுத்துப் போட்டுக்கொண்டோம். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் பிரின்ட் அவுட்டை கோர்ட்டில் கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்று பொறுப்பான ஒருவர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். 2014-லும் 2020-லும் சுப்ரீம் கோர்ட் இதை வலியுறுத்தியது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இது 63-வது பிரிவு. யோசனை அருமையானது. மெஷினுக்குப் பின்னால் ஒரு மனிதர் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில் நமக்கு இருக்கிற கைவேகம் உங்களுக்கே தெரியும்.

ஏ.டி.எம்.முக்கு வருவோம். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் பேங்க் தானாகவே திருப்பிப் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அதற்கு மேல் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் நஷ்ட ஈடு. அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே போட வேண்டும். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போகாமல் நடுவில் நின்றால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்காரருக்குக் கட்டியதென்றால் ஐந்து நாள். அதன் பிறகு அதே நூறு ரூபாய்.

யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணத்தை உருவிவிட்டால்? தப்பு உங்கள் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொன்னது. தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் பாரம் பேங்கின் தலையில். நீங்களே ஓ.டி.பி.யைத் தூக்கிக் கொடுத்திருந்தால் மட்டும், புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் கணக்கு.

ரேகை விஷயத்துக்கும் விதி இருக்கிறது. ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் சந்தோஷி குமாரி என்ற 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அவள் வீட்டு ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. பட்டினி என்றாள் அவள் அம்மா. மலேரியா என்றது அரசாங்கம். அடுத்த மாதமே மத்திய அரசு, ஆதார் இணைப்பு இல்லை, ரேகை எடுக்கவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், ரேகை பொருந்தவில்லை என்பதால் உரியது மறுக்கப்படக் கூடாது என்றது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு ரேகை மெஷின் வந்தபோது, வரிசையில் நின்று விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தவர்கள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

எனக்கே தெரியாது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு!

அந்தப் பதிவைச் செய்தது யார்?

பேங்கிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம், என் கம்ப்யூட்டரில் அந்த அண்டியாபீஸ் அம்மாவின் பதிவைத் திறந்தேன். ஆவணத்தில் அவர் பெயர் 'அம்மை' என்று முடிகிறது. எங்கள் பக்கத்துப் பெயர் அப்படித்தான் முடியும். கம்ப்யூட்டரில் 'அம்மாள்' என்று இருந்தது. மனிதர்களுக்கு இரண்டும் ஒன்று. மெஷினுக்கு இரண்டு ஆள். ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் புது முறை வந்தது. அன்றோடு அவர் பணம் நின்றது.

யார் இப்படி அடித்தது? எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு மூலையில், எந்தப் பதிவை யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்ற விவரம் இருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். 2016-ம் வருஷம். சாயங்காலம் ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

பயனாளர் எண், என்னுடையது.

நாக்கு வறண்டுபோயிற்று. பக்கத்து சீட் அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அனுபவஸ்தர்.

"திருத்தணும்னா சூப்பிரண்டுகிட்ட நோட்டு வைக்கணும்லா? 'சர்வர் கோளாறு'ன்னு எழுதிரும் வேய். சர்வருக்கு மெமோ குடுக்கவா போறான்?"

உண்மைதான். சர்வருக்கு இன்க்ரிமென்ட் கிடையாது, கட் பண்ண முடியாது. ஒரு வார்த்தை மாற்றினால் நான் தப்பித்தேன். அரை மணி நேரம் அந்தக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டிருந்தேன். ஹொரைசனை நடத்தியவர்களும் முதலில் இந்த மாதிரி ஒரு அரை மணி நேரத்தில்தான் ஆரம்பித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "சாரே, நான்தானே இஞ்ச நிக்கேன்?" என்ற குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

'பதிவு செய்தபோது என்னால் ஏற்பட்ட தட்டச்சுப் பிழை' என்று எழிதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னவே, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். மெமோ வந்தது. பதில் எழுதினேன். தலை போகவில்லை.

அந்த அம்மாவுக்கு ஏழு மாத நிலுவையும் சேர்ந்து வந்தது. ஆனால் அதற்காக அலைந்த மூன்று நாள் கூலியும் பஸ் காசும் எந்தக் கணக்கிலும் வராது. அவர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ மெஷினுக்க தப்பு இல்லியா சாரே?"

"இல்லம்மா."

"நான் எனக்க கையிலதான் தப்புன்னு நெனச்சேன்" என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் தேவலை.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

அதனால் தம்பிமார்களே, இனி எந்தக் கவுன்டரில் "சிஸ்டத்துல காட்டல" என்று சொன்னாலும் சும்மா திரும்பி வராதீர்கள். சண்டையும் போடாதீர்கள், எதிரே இருப்பவர் என்னைப் போல ஒரு பாவம். நிதானமாக நாலு விஷயம் கேளுங்கள். ஒன்று, சிஸ்டத்தில் என்ன காட்டுகிறது, எழுத்தில் கொடுங்கள். இரண்டு, இந்தப் பதிவைச் செய்தது யார், எப்போது? மூன்று, என் புகாருக்கு நம்பர் என்ன? நான்கு, இதைத் திருத்த அதிகாரம் உள்ளவர் யார், அவர் பெயர் என்ன? மெஷினின் பதில் மனிதரின் பதிலாக மாறுவது அந்த நாலாவது கேள்வியில்தான்.

கவுன்டருக்கு உள்ளே இருக்கிற ஆபீஸ் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விவரப் பக்கத்தை வாரம் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். உங்கள் பேரும் இருக்கும்.

என் ஐயாயிரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இந்த நாலு கேள்வியையும் எழுதி பேங்க்கில் கொடுத்தேன். ரிசர்வ் வங்கி உத்தரவையும் குறிப்பிட்டேன். அந்த மெஷினின் அன்றைய பதிவையும், மிச்சம் இருந்த ரொக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதுவேன் என்றும் ஒரு வரி. மெஷினில் ஐயாயிரம் அதிகமாக இருந்தது. நோட்டு உள்ளே சிக்கிக்கொண்டதாம். பணம் எடுக்கப்போன நாளிலிருந்து பதினேழாவது நாள், ஐயாயிரமும் பன்னிரண்டு நாள் தாமதத்துக்கு 1,200 ரூபாயும் கணக்கில் வந்தன.

போன் 'டிங்' என்றது. 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நன்றி.'

பணத்தை எடுக்க அதே ஏ.டி.எம்.முக்குத்தான் போனேன். நாய் அங்கேயே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, இந்தத் தடவை ஐந்நூறு ஐந்நூறாக எடுத்தேன்.